புதன்கிழமையில் இடைத்தேர்தல் வேண்டாம்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கு, ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வணக்கம்.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகி, அதைப் பேரவைத் தலைவர் ஏற்றுக்கொண்டால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக மிஞ்சியிருந்தாலோ, அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலோ விலக்கு உண்டு. ஆக, எந்த மாதத்திலும் வாக்குப்பதிவு வரலாம். 2024 மக்களவைத் தேர்தல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19இல் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடந்தன, தொழிலாளர்கள் ஊரில் இருந்தார்கள். இடைத்தேர்தலில் அதை எதிர்பார்க்க முடியாது.

விக்கிரவாண்டி (2024 ஜூலை 10), ஈரோடு கிழக்கு (2025 பிப்ரவரி 5) இரண்டுமே புதன்கிழமையில் நடந்தன. அந்த ஊர்களில் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ராமேசுவரத்திலோ விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. காலையில் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரை. அதே சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் தரும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு உதவாது. இவர்கள் வேலை செய்வது பிடிபடும் மீனில் பங்குக்கு. கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு வருமானமே இல்லை.

அதனால் ராமநாதபுரம், திருவாடானை போன்ற கடற்கரைத் தொகுதிகளுக்கு வெள்ளிக்கிழமையைப் பரிந்துரையுங்கள். புதனன்று போன விசைப்படகுகள் வியாழனன்றே திரும்பிவிடும். அடுத்த தொழில்நாள் சனி. இரவில் வலை விடும் நாட்டுப்படகுக்காரர்களும் காலையில் கரையேறி வாக்களிக்கலாம். தொண்டி, கீழக்கரை போன்ற ஊர்களில் ஜும்மா நேரம் போனாலும் மாலை 6 மணிவரை அவகாசம் உண்டு. அங்கே பிற்பகலில் வரிசை நீளும், அதற்கு ஏற்பாடு தேவை.

புதன்தான் என்று ஆணையம் முடிவெடுத்தால், அந்த வாரம் மட்டும் தொழில்நாளை வியாழனுக்கு மாற்றச் சொல்லி மீன்வளத் துறைக்கு எழுதுங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வியாழன் நாட்டுப்படகுகளின் நாள். அவர்கள் விட்ட வலைமேல் விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை போனால் வலை அறுந்துபோகும், கரையில் சண்டை மூளும். இரு தரப்புச் சங்கங்களையும் உட்கார வைத்துப் பேசாமல் தொழில்நாளை மாற்றக் கூடாது. டீசலும் ஐஸும் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள், கடைசி நேர அறிவிப்பால் பயனில்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்கிறது. அதன் முதல் வாரத்திலேயே பேசி முடித்து, டோக்கன் கொடுக்கும் இடத்திலும் இறங்குதளங்களிலும் அறிவிப்பை ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை மீன்பிடித் தொழிலாளர்கள்