வாழைப்பழத்துக்கு என்ன ஜெபம்?

மும்பை,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள பாப்பா,

உன் போன் வந்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நீ சொன்ன அந்தப் பையனே கண்ணுக்குள் நின்றான். பதினாறு வயசு, அப்பா யூதர், அம்மா உக்ரைன்காரி. "நான் யூதனா இல்லையா?" என்று கேட்டானாமே. இஸ்ரேலில் டிமோனாவில் இளைஞர் மையத்தில் வேலை என்றதும், பிள்ளைகளைப் பந்து விளையாட விடுவாய், பரீட்சைக்குப் படிக்கவைப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கேள்வி, அதுவும் உன்னிடம் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"என்னம்மா சொல்லட்டும்?" என்றாய். அதற்கு முன்னால், நாலு வருஷமாக நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. இங்கே யூத ஜெபாலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போனாய். ஒரு பெரியவர் வாசலிலேயே நிறுத்தி, "உன் அம்மா யார்?" என்று கேட்டார். யூத சட்டப்படி பிள்ளை அம்மா வழி. மாதுங்காவில் வளர்ந்த திருவையாற்றுக்காரி நான் பெற்ற பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள். நீ வீட்டுக்கு வந்து, ஊறவைத்திருந்த கறுப்பு திராட்சையைக் கிண்ணத்தில் போட்டுப் பிசைய ஆரம்பித்தாய். விரலெல்லாம் கருஞ்சிவப்பு. வழக்கமாக வடிகட்டும் நேரம் தாண்டியும் பிசைந்துகொண்டே இருந்தாய். கித்தூஷ் ஜெபத்துக்கு அன்று சர்பத் கசந்தது, விதையெல்லாம் நசுங்கிவிட்டதே. அப்பா வாய் திறக்காமல் குடித்தார்.

அப்பாவைப் பெற்ற ஆஜி இருந்திருந்தால் அந்தப் பெரியவரை ஒரு பிடி பிடித்திருப்பாள். அவர்கள் ஜனமான பெனே இஸ்ரேல் யூதர்களுக்கே இந்தக் கேள்வி வந்ததே! கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று ஊர் கூப்பிட்ட ஜனம். இஸ்ரேலுக்குப் போனபிறகு, இவர்கள் முழு யூதர்தானா, கல்யாணம் செய்துவைக்கலாமா என்று யூத குருமாரான ரபிமார் பாட்டி வரைக்கும் விசாரிக்கச் சொன்னார்கள். 1964-இல் ஜெருசலேமில் உட்கார்ந்து போராடியவர்களில் ஆஜியின் தங்கையும் ஒருத்தி. 'எல்லா வகையிலும் யூதர்களே' என்று அந்த ஆகஸ்டில் அரசாங்கம் சொல்லவேண்டியிருந்தது. அவ்வளவு பட்டவர்களே, அப்புறம் உன்னை வாசலில் நிறுத்தினார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

சரி, நீயும் இஸ்ரேலுக்குப் போனாய். யூதருக்குப் பிறந்தவர், பேரன் பேத்தி எல்லாரும் வரலாம் என்று 1970-இல் திருத்திய சட்டத்தில் உன்னை உள்ளே விட்டார்கள். குடியுரிமை கிடைத்தது, யூதர் என்ற பெயர் கிடைக்கவில்லை. மதம் மாற ஒரு வருஷம் படித்தாய். மூன்று ரபிமார் முன்னால் உட்கார்ந்தாய். வாழைப்பழம் சாப்பிடும் முன் என்ன ஜெபம் சொல்வாய் என்று கேட்டார்களாமே. 'மரத்தின் கனி' இல்லை, 'நிலத்தின் கனி' என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அப்புறம் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினாய். ஆபிரகாமுக்கும் சாராவுக்கும் மகள் என்று இருந்தது.

நான் உனக்கு வாழ்த்து அனுப்பிவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாரா பெரிய மனுஷிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது சாரா இல்லையே.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். நீ என்ன சொல்லி அனுப்பினாலும் ராத்திரி அது அவள் காதுக்குப் போகும். 'மதமாற்ற வகுப்புக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதே. போகவேண்டாம் என்றும் சொல்லாதே. நீ போன வழி உன்னுடையது. உன் வேலைக்கு அவர்கள் ஹீப்ருவில் வைத்திருக்கும் பேர் மத்ரிக்கா, அதற்குள் 'வழி' என்ற சொல் இருக்கிறது என்று நீதானே சொன்னாய். வழி தெரிந்தவள் எல்லா நேரமும் கையைப் பிடித்து இழுக்கவேண்டியதில்லை. அவனிடம், உங்கம்மா என்ன சமைப்பார் என்று கேள். உன்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. உன் அம்மா யார் என்றுதான் கேட்டார்கள்.

தாத்தாவின் கொல்லை வாழை உனக்கு ஞாபகம் இருக்குமோ? குலை தள்ளியதும் தாய்மரத்தை வெட்டிச் சாய்த்துவிடுவார், பக்கத்தில் கன்று எழுந்து நிற்கும். வருஷா வருஷம் நிற்காத தண்டு என்பதால்தான் அது மரக்கணக்கில் சேராது என்று அப்பா நேற்று விளக்கினார். ரபிமாருக்குக்கூட வாழை தெரிந்திருக்கிறது, போ!

அடுத்த வாரம் வருகிற உன் சித்தப்பா பெண்ணிடம் மெல்லிசு அவல் ரெண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். எலியாஹு தீர்க்கதரிசி பேரைச் சொல்லி மலீதா படையல் செய். ஆஜி மாதிரி, தேங்காயைத் துருவி அவலில் கலந்து பத்து நிமிஷம் விடு, அப்புறம் சர்க்கரை போடு. தண்ணீர் தெளித்தால் குழைந்துவிடும். என் கோகுலாஷ்டமி அவலுக்கும் இதே பக்குவம்தான், ஆஜிக்கும் எனக்கும் முதலில் ஒத்துப்போனது இதில்தான். பழம் ஐந்து வகை வேண்டும், அங்கே வாழைப்பழம் கிடைக்கும் இல்லையா? அந்தப் பையனுக்கு ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா