லாரியை ஒரு நாள் நிறுத்திக் கொடுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் கல்லூரி மைதானத்தில் இரண்டு நாள் போக்குவரத்துக் காவலர்கள் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். இளைஞர்களிடம் போய் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள், எப்படிப் பேசுவது என்று பழகிக்கொள்ள வந்திருந்தார்கள். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளன் என்பதால் நிறைவு விழாவில் சால்வையை எனக்குப் போட்டுவிட்டார்கள். அது போய்ச் சேர வேண்டிய தோள்கள் வேறு.

முதலில் லாரி உரிமையாளர். ஓடினால்தான் காசு என்ற தொழிலில் ஒரு நாள் முழுதும் வண்டியை நிறுத்திக் கொடுத்தார், டிரைவரோடு சேர்த்து. அந்த டிரைவர் அண்ணன் காவலர்களை ஒவ்வொருவராகத் தன் இருக்கையில் ஏற்றி, கிளீனர் பக்கக் கதவை ஒட்டி ஒரு பைக்கை நிறுத்தச் சொன்னார். "தெரிகிறதா சார்?" தெரியவில்லை. எத்தனையோ லாரிகளை மறித்துப் பழகிய உதவி ஆய்வாளர் ஒருவர் இறங்கி வந்து, பைக் அங்கேதான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

இயற்பியல் துறை நண்பர் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். செல்போனை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர். அந்தத் தூரத்தைக் கண்ணை மூடி நடக்கச் சொன்னார். இளம் காவலர் ஒருவர் பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்.

இரண்டாம் நாள் ஒத்திகைக்கு எங்கள் மாணவர்கள் கேட்பவர்களாக அமர்ந்தார்கள். ஏட்டு ஐயா சட்டத்தில் தொடங்கினார்: பதினெட்டு நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. எல்லாம் சரிதான். ஐந்தாவது நிமிடம் பின்வரிசை செல்போனுக்குள் போய்விட்டது.

அப்போது இரண்டாமாண்டு மாணவி எழுந்தாள். "ஐயா, போன வாரம் நீங்கள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போனீர்கள்." எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சற்று நின்று, "போனேன் அம்மா. வீடு பக்கம்தானே என்று நினைத்தேன்" என்றார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வேறொன்று சொன்னார். ஒரு விடியற்காலையில் விபத்துச் செய்தி சொல்லப் போனபோது வாசலில் அந்தப் பையனின் தாய் கோலம் போட்டுக்கொண்டிருந்தாராம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "உங்கள் வண்டி நம்பர் என்ன?" என்று கேட்டாராம். பின்வரிசை நிமிர்ந்தது. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கும், பூசி மெழுகாத ஏட்டு ஐயாவுக்கும் என் முதல் வணக்கம். வரிசைப்படி எழுதியிருந்தால் இவர்கள்தான் மேலே வந்திருப்பார்கள்.

இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேரே வந்த அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு நன்றி. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 முதல் இருக்கிறது என்பது, உதவப் பயந்து ஒதுங்கும் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்றார். டீக்கடைக்காரர் இரண்டாம் நாள் கணக்கை எழுதவே மறுத்துவிட்டார்.

கடைசியாக, உடற்கல்வி ஆசிரியர். சுண்ணாம்புக் கோடு இரண்டு மழைக்குப் பிறகும் அழியவில்லை. பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்துக்கு அதிலிருந்தே கிளம்பிவிடுகிறார்களாம். பொறுத்துக்கொள்ளுங்கள் சார்.

இப்படிக்கு,
நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்