டிக் அடிப்பதோடு சரியாம்!

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் புதிய பாடத்திட்டத்தைப் பாராட்டி வந்த கட்டுரையை மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். சின்ன ஊர் ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சி என்பது வவுச்சரில் டிக் அடிப்பதோடு சரி, ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற அந்தப் பயிற்சி மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர்.

நான் தக்கலையில் 28 வருடமாக ஆடிட்டர். டிக் அடித்திருக்கிறேன், அடிக்கவும் வைத்திருக்கிறேன். மறுக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் 31. ரப்பர் வியாபாரி ஒருவரின் கிடங்கில் சரக்கு எண்ண என் ஆர்ட்டிகிள் பையனை அனுப்பினேன். கணக்குப் புத்தகத்தில் அத்தனையும் ஆர்.எஸ்.எஸ். 4 ஷீட், அதாவது புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட். பையன் எண்ணியதோடு நிற்காமல், பின் வரிசையில் ஒரு கட்டைச் சரித்து மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறான். "சார், இது ஷீட் வாசனை இல்லை" என்று போன் வந்தது. பிரித்தால் வெளியே நாலு பக்கமும் ஷீட், உள்ளே முழுக்க ஒட்டுபால், அதாவது சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த மட்ட ரப்பர். எடை பைசா சுத்தம். ஒட்டுபால் என்ன விலைக்குப் போகும் என்று குமரி மாவட்டத்தில் பேப்பர் விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

அவன் அப்போது மூன்றாவது வருடத்தில் இருந்தான். முதல் வருடம் அதே கிடங்கில் கட்டுகளை எண்ணி, வியாபாரி வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்தவனும் அவனேதான். 2023 ஜூலையில் வந்த திட்டம் வெட்டி எறிந்தது அந்த மூன்றாவது வருடத்தைத்தான்.

தேர்வுத் தாள்கள் எட்டிலிருந்து ஆறானது, சரி. பயிற்சி முடிந்ததும் படிப்பதற்கென்றே ஆறு மாதம் விட்டதும் நல்லதுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 24 நாள் லீவாம். ஊர்க் கோயில் கொடைக்கும் அக்கா கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்தால் காய்ச்சலுக்கு மிச்சம் இருக்காது. அப்புறம் ஸ்டைபெண்ட், பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் தருகிற உதவித்தொகை. அதை ஊரின் மக்கள்தொகை பார்த்து அளக்கிறார்கள். நாகர்கோவில் 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. ஆர்ட்டிகிள் பையனின் பாக்கெட்டுக்கு மட்டும் அது இன்னும் சின்ன ஊர்தான். ஃபைனல் தேர்வை இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத வழியில்லை. இதைப் பற்றியெல்லாம் கட்டுரையில் ஒரு வரியாவது உண்டா?

போகட்டும். புதிய வருமான வரிச் சட்டம் பற்றிப் போன வருடம் நான் எழுதிய கடிதத்தில் பாதியைச் சுருக்கி வெளியிட்டீர்கள். இடப் பிரச்சினை, புரிகிறது. ஆனால் கீழே 'தக்கலை, திருநெல்வேலி மாவட்டம்' என்று போட்டிருந்தீர்களே! 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு நாங்கள் வந்து சேர்ந்தது தமிழ்நாட்டோடு, திருநெல்வேலியோடு அல்ல.

சி.ஏ. தேர்வு வருடத்தில் பல தடவை நடக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை, கோச்சிங் சென்டர் விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் போடாமல், கண்ணில் படுகிற மாதிரிப் போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். போன தடவை என் ஆபீஸ் பிள்ளை ஒருத்தி அதைக் கவனிக்காமல் அபராதம் கட்டினாள்.

இப்படிக்கு,
டிக் அடிக்கும் ஆடிட்டர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.