நம்பர் லிஸ்ட் வேண்டாம் மாப்ளே

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. கம்பத்தில் சோலார் ஏஜென்சி எடுத்ததைச் சொன்னதும் உன் தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம், முதலில் நம் வீட்டுக் கூரையில் போடச் சொல்லுங்கள் என்கிறாள். குமுளி மழைக்கு அது என்ன கரண்ட் கொடுக்கும் என்று நீதான் அவளுக்கு விளக்க வேண்டும். ஏலக்காய் பரவாயில்லை. சின்னவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமோ நம்பர் லிஸ்ட் வாங்கி, இரண்டு பெண்களை உட்கார வைத்து நாள் முழுக்க போன் போடச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம். சட்டப்படி விளம்பர அழைப்புக்கு 140-இல் தொடங்கும் நம்பர் எடுக்க வேண்டும், 1909 என்ற நம்பரில் விளம்பர அழைப்பே வேண்டாம் என்று (டிஎன்டி) பதிந்தவர்களைத் தொடக்கூடாது. சாதாரண செல் நம்பரிலிருந்து அடித்து நாலு பேர் புகார் கொடுத்தால் உன் அவுட்கோயிங்கையே நிறுத்திவிடுவார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நீ விற்பது சோலார். "சார், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரும்" என்று முன்பின் தெரியாத குரல் சொன்னால் கேட்பவன் என்ன நினைப்பான்? அடுத்து ஓடிபி கேட்கப் போகிறாள் என்றுதான். மூன்று கிலோவாட்டுக்கு அந்த மானியம் உண்மையிலேயே இருக்கிறது, பேனல் மாட்டி முடிந்தபின் வீட்டுக்காரர் பேங்க் கணக்குக்கே வருகிறது, ஆனால் போனில் சொல்லும்போது அந்த உண்மைகூட பொய் மாதிரிதான் கேட்கும். பாவம் அந்தப் பெண்கள், நாள் முழுக்க திட்டு வாங்கிவிட்டு எத்தனை மாதம் உன்னிடம் இருப்பார்கள்?

எங்கள் ஊரில் பார்த்திருப்பாய். தேக்கடிக்கு வருகிறவர்களை ரோட்டில் நின்று கூப்பிடும் கடையும் உண்டு, தோட்டத்துக்குள் கூட்டிப்போய் செடி காட்டும் இடமும் உண்டு. பாதிப்பேர் ஏலக்காயை மேலே இலைக்கு நடுவில் தேடுவார்கள். அது அடியில், மண்ணை ஒட்டிய சரத்தில் காய்த்திருப்பதைக் காட்டினால் குழந்தை மாதிரி குனிந்து பார்ப்பார்கள், ஒன்றைக் கிள்ளி மோந்து பார்ப்பார்கள். அப்புறம் விலையைப் பற்றி அதிகம் பேரம் பேசுவதில்லை. ரோட்டில் கூப்பிடுகிறவனிடம் அதே சரக்குக்குப் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

உனக்கும் அப்படி ஒரு தோட்டம் வேண்டும். முதலில் மாட்டிய வீடு எதுவோ, அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களை டீக்குக் கூப்பிடு. மீட்டரைக் காட்டு, மாட்டுவதற்கு முன்னால் வந்த இரண்டு மாத இபி பில்லையும் இப்போது வந்ததையும் பக்கத்தில் வை. கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் நாலு யூனிட், மேகம் போட்டால் குறையும் என்பதையும் நீயே சொல்லிவிடு. பில்லே குறைவாக வருகிற வீட்டுக்காரரிடம் "உங்களுக்கு இது இப்போது தேவையில்லை" என்று சொல்லிப் பார், அவரே நாலு பேரை அனுப்புவார். நம்பர் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் போன் பண்ணு. அந்தப் பெண்களை அதற்கு வைத்துக்கொள், சர்வீஸ் புகாரையும் அவர்களே எடுக்கட்டும்.

மெதுவாகத்தான் நடக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் கையைக் கடிக்கும், அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வை. லிஸ்ட்காரனுக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் திரும்பக் கேள், தரமாட்டான் என்றாலும் கேள். அடுத்த வாரம் லோயர் கேம்ப் வரை ஒரு வேலையாக வருகிறேன், அப்படியே கம்பம் வந்து கடையைப் பார்க்கிறேன்.

உன்
மாப்ளே