கொலு மரங்களைப் போர்க்களத்துக்கு மாற்ற

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலுப் பூங்காவுக்கு விற்கும் மலிவு பிளாஸ்டிக் மரங்களை, 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரை 28 மி.மீ. உயரப் பொம்மைப் படைகளுடன் மேசைமேல் போர் விளையாட்டாக ஆடுவோர் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்படியே நட்டால்தான் கண்ணை உறுத்தும். அந்தப் பளபள பச்சை நம் கரிசல் பக்கம் எங்கே இருக்கிறது?

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் தோல் தோலாக உரியும். தண்டுக்குப் பழுப்பு அக்ரிலிக். அது காய்ந்ததும், துணியில் துடைத்த பிரஷால் வெளிர் சாம்பலை மேலாக இழுத்தால் பட்டையின் வரிகள் எழும்பும். இலைகளாக ஒட்டியிருக்கும் பச்சைத்தூள் உதிராமலிருக்க ஃபெவிகால் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு, சோப்பு இரண்டு சொட்டு கலந்து தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் கலவை பரவாமல் முத்து முத்தாக நிற்கும்.

கம்பிக் கிளை மரமென்றால் கிளைகளைப் பக்கவாட்டில் விரித்து, உச்சியைக் கத்தரியால் தட்டையாக வெட்டுங்கள். குடை விரித்த உடைமரம் தயார். பனைதான் சிக்கல். கடையில் கிடைப்பது தென்னை. ஓலையைப் பிடுங்கிவிட்டு, 3 செ.மீ. காகித வட்டங்களை விசிறியாக மடித்து ஒட்ட வேண்டும். 60 அடிப் பனை, இந்தப் பொம்மைகளுக்கு ஏற்ற 1:60 அளவில் ஓரடி வரும். கை பட்டால் சாயும். 7 அங்குலம் போதும். அடியில் இரும்பு வாஷரை எம்-சீலால் பதித்து, தேத்தண்ணீர் வடிகட்டியில் சலித்த தேரி மணலை (செம்மணல்) ஒட்டுங்கள். தெர்மகோல் தரையில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள், கரைந்து குழி விழும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை