தாலிக்கொடியை இப்போதைக்குக் கழற்றாதே, கண்ணு

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வீட்டுக்காரர் குடியை நிறுத்த, தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பின்னால் உன் மாமியார் சத்தம் கேட்டது, நீயும் "ம்... ம்..." என்றே பேசிக்கொண்டிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை. இதே கேள்வியை என்னிடம் கேட்ட நாலாவது ஆள் நீ என்பதால், எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

மறுவாழ்வு மையத்தில் மாசம் 18,000, மூணு மாசம் கட்டாயம் என்றார்களாம். மொத்தம் 54,000. தாலிக்கொடியை வைத்தால் புரட்டிவிடலாம் என்று நீயே கணக்குப் போட்டுவிட்டாய். வைக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இப்போது வைக்காதே. அந்தப் பணத்துக்கு வேலை வருகிற நேரம் வேறு.

எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்தாலும் எங்க வீட்டுக்காரருக்குப் பாதி சட்டையில்தான் கொட்டும். ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போனால் கை நின்றுவிடும். அது நோய் என்று அப்போது யாருக்குத் தெரியும்? என் கொழுந்தனார் அவரை உள் அறையில் போட்டுப் பூட்டினார். "ரெண்டு நாள் கிடந்தா தானா விட்டுடும், அண்ணி" என்றார். மறுநாள் மதியம் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். மூணாம் நாள் ராத்திரி வார்டில் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "எறும்பு, எறும்பு, எடுத்து விடுடி." ஒரு எறும்பும் இல்லை. என்னைப் பார்த்து "மேஸ்திரி, சம்பளம் எங்க?" என்றார். பயந்து கத்திவிட்டேன். நர்ஸம்மா சாவகாசமாக வந்து ஊசி போட்டுவிட்டு, "நிறுத்தின மூணாம் நாள் இப்படித்தாம்மா வரும். வீட்ல வெச்சிருந்தா ஆளு போயிருப்பாரு" என்றார்.

இதை நீ மனசில் வாங்கிக்கொள். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு, அதற்கப்புறம் இந்த மாதிரிப் புத்தி தடுமாற்றம் வரலாம். எல்லாருக்கும் வராது. வந்தால் உயிருக்கே ஆபத்து. நடுக்கத்தை அடக்க மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி, ராத்திரியில் பார்க்க ஒரு டாக்டர், இது மூணும் இல்லாத இடத்தில் அந்த ஒரு வாரத்தைக் கடக்கக் கூடாது. இது மூணும் காசில்லாமல் கிடைக்கிற இடம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2025-ல் 'கலங்கரை' என்ற பேரில் அரசு மருத்துவமனைகளிலேயே போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14446-க்குப் போன் போடு. மத்திய அரசின் இலவச எண், போதைப் பழக்கத்துக்கென்றே வைத்திருப்பது.

"மனநலப் பிரிவா? பைத்தியம்னு சொல்லிடுவாங்களே" என்பாய். இப்போது ஊர் என்ன சொல்கிறது, யோசித்துப் பார். 2019-ல் எய்ம்ஸ் ஒரு ஆய்வு வெளியிட்டது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம். மீதி 37 பேரும் நம்ம வீட்டு உள் அறையில்தான் கிடக்கிறார்கள்.

தனியார் மையம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. வீட்டு ஆட்களுக்கும் அங்கே தனியாக வகுப்பு உண்டு. அப்படிப்பட்ட இடமா, சும்மா நாலு அறையும் ஒரு கேட்டும் வைத்திருக்கிற இடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரில் போ. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல். பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா என்றும் கேள். "ஒரு மாசத்துக்கு மூஞ்சியே காட்டக் கூடாது" என்றால் அங்கேயே திரும்பிவிடு. சேர்ந்தவுடன் மொட்டை அடிப்பார்களாமே, அதையும் கேட்டுவிடு. கட்டாய மொட்டை கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எத்தனை பேருக்கு அடித்திருந்தால் அதைத் தனியாக எழுத வேண்டி வந்திருக்கும்!

ராத்திரி வேன் அனுப்பித் தூக்கிப் போகிறோம் என்று அந்த மையத்துக்காரர்கள் சொன்னார்கள் என்றாயே, அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் போனது. உன் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதென்றால் அதற்கு வழிமுறை இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும், கூட இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ, அவரைத் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைக்கும்தான். மூணு தடியன்கள் கையைக் கட்டி ஏற்றுவதற்குப் பேர் சிகிச்சை இல்லை.

உன் அண்ணன் எடுத்து வைத்திருக்கிற இன்சூரன்ஸை நம்பி உட்காராதே. மனநோய்க்கும் மற்ற நோய் மாதிரியே இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பாலிசி காகிதத்தில் 'விலக்குகள்' என்ற பக்கத்தைப் பிரித்துப் பார், குடிக்கும் போதைப் பழக்கத்துக்கும் செய்கிற சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இதில் ஒரு விபரீதம் நடக்கும். கிளெய்ம் கிடைக்கட்டும் என்று "வலிப்புன்னு மட்டும் எழுதுங்க, குடிக்கிறத எழுதாதீங்க" என்று டாக்டரிடமே மறைப்பார்கள். எவ்வளவு குடித்தார் என்று தெரியாமல் டாக்டர் மருந்தளவை எதை வைத்து முடிவு செய்வார்?

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்' என்று இருக்கிறதே, அந்தப் பொடிக்கும் போகாதே. குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்கிற மாத்திரை ஒன்று உண்டு, டாக்டரே எழுதுவார், குடிக்கிறவர் சம்மதத்தோடு. குழம்பில் கலந்து கொடுத்துவிட்டு அவர் அதன் மேல் ஒரு குவார்ட்டர் அடித்தால் வாந்தியோடு நிற்காது. ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

இனி பணம். நாங்கள் வார்டில் இருந்தது பதினோரு நாள். மருந்துக்கு ஒரு பைசா ஆகவில்லை. ஆனால் அவர் கூலி அப்போது 900, என்னுடையது 350. பதினோரு நாளைக்கு 13,750 வராமல் போனது. டீ, இட்லி, அவரைப் பார்க்க வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் தனி. உனக்கு டவுன் பஸ் இலவசம், மகளிர் உரிமைத்தொகையும் வருகிறது. அது கூலிக்கு ஈடாகாது, ஆனாலும் இந்தப் பதினோரு நாளைக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். குழுக் கடன் வாரத் தவணையை மட்டும் முன்னாடியே போய்ச் சொல்லி வை. ஓடி ஒளிந்தால்தான் வீட்டு வாசலில் வந்து உட்காருவார்கள்.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி, அன்றைக்குக் கூலி இல்லை. எங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம் போடுகிற சனிக்கிழமை சாயங்காலம்தான் கண்டம். மேஸ்திரி டாஸ்மாக் கடைப் பக்கத்தில் நின்றுதான் பணமே எண்ணுவார். அந்த மேஸ்திரியை விட்டு வந்ததில் மூணு மாசம் பாதிக் கூலி வேலைதான் கிடைத்தது. என் கொடி அடகுக்குப் போனது அப்போதுதான். அந்த மூணு மாசம் அரிசி இருந்ததால் அவர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நீயும் உன் கொடியை அதற்கு வைத்திரு.

நாலாம் மாசம் ஒரு சாவு வீட்டில் மறுபடி குடித்துவிட்டு வந்தார். நான் செத்தே போனேன் அன்றைக்கு. டாக்டர் திட்டவில்லை, மாத்திரையை மாற்றி எழுதினார், அவ்வளவுதான். 54,000 கட்டி அனுப்பியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகிறார், குடியை விட்டவர்களே ஒருத்தருக்கொருத்தர் துணையாக நடத்துவது. கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டால் பெட்டியில் போடலாம். குட்டிப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பழைய குடிகாரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாய். ஓ.பி. சீட்டு வரிசை நீளம், ஏழரைக்கே வந்துவிடு. ஆதார், பழைய மருந்துச் சீட்டு, ஒரு பாய், சாப்பாடு வாங்க ஒரு போசி எடுத்துக்கொள். ராத்திரியே குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்லி வற்புறுத்தாதே. காலையில் ஒரு கட்டிங் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்றாலும் சண்டை பிடிக்காதே. எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்து வா. டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

உன் அக்கா