கோவை உக்கடத்தில் எனக்குக் கண் திறந்த அண்ணனுக்கு

அண்ணா, பெயரைக் கேட்டும் சொல்லாமல் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன, இரண்டாம் உலகப் போருக்காக ஃபோர்டு செய்த 1943 ஜிபிடபிள்யூ ஜீப்பில் யாரோ டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார்கள். பழையபடி பெட்ரோல் இன்ஜின் வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைந்தேன். அன்று பழைய இரும்புக் கடையில் ஒரு பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடலை, 'ஒரிஜினல் மிலிட்டரி' என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டபோதுதான் நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"தம்பி, வால்வு சீட்டை எண்ணிப் பாருங்க."

வால்வு வந்து உட்காரும் அந்த வளையம் நாலுதான் இருந்தது. போர்க்கால 2,199 சிசி, 60 குதிரைத்திறன் இன்ஜினில் எட்டு வால்வும் பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் வெறும் மூடி மாதிரி. நாலு மட்டும் இருந்தால், பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு ஹெட்டுக்குப் போய்விட்ட பிந்தைய மாடல். இதை இத்தனை எளிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதோடு விடாமல், பம்புசெட் ஓட்டிக் கிடந்த இன்னொரு இன்ஜினைத் தேடிக் காட்டினீர்கள். வாட்டர் பம்புக்குப் பின்னால், வலப்பக்க மேட்டை மண்ணெண்ணெய் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் பூசித் துடைத்தீர்கள். வெள்ளையாக எழுந்தது, ஜிபிடபிள்யூ என்ற எழுத்தும் எண்ணும். பக்கத்துப் போல்ட் தலையில், ஃபோர்டு தன் பாகங்களில் பொறித்த அந்தச் சின்ன 'எஃப்'. எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணா.

போன ஞாயிறு இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. அம்மா வாசலுக்கு ஓடி வந்து, "அப்பா வண்டிச் சத்தம்டா" என்றார். அந்தச் சத்தம் உங்களால் வந்தது. மனசார நன்றி அண்ணா.